ஜப்பானில் பொருள் தொலைந்தால்: கோபானில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும்

ஜப்பானுக்குச் சுற்றுலா வருகிறவர்களும் சரி, வேலைக்கு வந்து இறங்குகிறவர்களும் சரி, பர்ஸையோ போனையோ தொலைத்துவிட்டால் முதலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் புலம்புவார்கள். போலீஸிடம் போகலாம் என்ற யோசனை கடைசியாகத்தான் வரும். நம் ஊரில் ஸ்டேஷன் படியேறுவதற்கு முன்பே “அங்கே நமக்குத் தெரிந்த ஆள் யாராவது உண்டா?” என்று விசாரித்துப் பழகியவர்கள் நாம். ஜப்பானில் கோபான் எனப்படும் சிறிய காவல் சாவடிக்குள் நுழைய அந்தத் தயக்கம் வேண்டாம். தொலைந்த பொருளைப் பதிவு செய்வதும், கிடைத்ததை உரியவரிடம் சேர்ப்பதும் இங்கே போலீஸின் அன்றாட வேலை.

2018-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அந்த ஒரே ஆண்டில் டோக்கியோ போலீஸிடம் வந்து சேர்ந்த பொருட்கள் 41 லட்சத்துக்கு மேல். தொலைந்த செல்போன்களில் 83 சதவீதம் உரியவர் கைக்குத் திரும்பின. பர்ஸில் 65 சதவீதம். குடைகள் மட்டும் 3,38,000 வந்தன. ஆனால் நூற்றுக்கு ஒன்றைத்தான் யாரோ தேடி வந்து வாங்கிப் போனார்கள். குடையைத் திருப்பித் தர போலீஸுக்கு மனமில்லாமல் இல்லை. யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பொருள் ஏதாவது ஓர் அலமாரியில் சீட்டு கட்டிக் கிடக்கலாம். அது உங்களுடையதுதான் என்று அடையாளம் காணும்படி நீங்கள் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதல் அரை மணி நேரம்

கார்டுகளை முடக்குங்கள். வங்கியின் செயலியிலேயே செய்துவிடலாம். போனே தொலைந்திருந்தால், கூட வந்தவரின் போனிலிருந்தோ ஓட்டல் வரவேற்பிலிருந்தோ வங்கியை அழையுங்கள். அப்புறம் கடைசியாக உட்கார்ந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். சாப்பாட்டுக் கடை, கழிவறை, ஏடிஎம் என்று எதுவாக இருந்தாலும் பொருள் வைத்த இடத்திலேயே இருக்க வாய்ப்பு உண்டு. அல்லது கல்லாவில் எடுத்து வைத்திருப்பார்கள். பெரிய கடையென்றால் தரைத்தளத்தில் உள்ள தகவல் மேசையில் கேளுங்கள். “ஒதோஷிமோனோ” என்ற ஒரு சொல் போதும். தொலைந்த பொருள் என்று புரிந்துகொள்வார்கள்.

டாக்ஸியில் விட்டிருந்தால் ரசீதை எடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், தொலைபேசி எண், பெரும்பாலும் வண்டி எண் எல்லாம் அதில் இருக்கும். அதனால்தான் இங்கே டாக்ஸியில் ஏறினால் ரசீது வாங்காமல் இறங்கக் கூடாது. ஓட்டல்காரரிடம் அந்த ரசீதைக் கொடுத்தால் அவரே பேசிவிடுவார்.

ரயிலில் விட்டவர்களுக்கு

வெளியூர்க்காரர்களின் பொருட்கள் அதிகம் தொலைவது ரயிலில்தான் என்பது என் கணிப்பு. தலைக்கு மேல் உள்ள தட்டில் பையை வைத்துவிட்டு, இறங்கும் ஸ்டேஷன் பெயர் ஒலித்ததும் பதறி இறங்கிவிடுகிறோம். இதற்கு முதலில் போக வேண்டியது போலீஸிடம் அல்ல, ஸ்டேஷன் ஊழியரிடம். டிக்கெட் தடுப்புக்குப் பக்கத்திலேயே ஜன்னல் வைத்த சின்ன அறையில் ஒருவர் எப்போதும் இருப்பார்.

அவரிடம் எந்தத் தடம், எந்தத் திசை, எத்தனை மணி ரயில், எந்தப் பெட்டி என்று சொல்ல வேண்டும். ரயில் வந்த நிமிடம் நினைவிருந்தால் அதுவே பாதி விலாசம். சுயிக்கா அல்லது பாஸ்மோ என்ற ரயில் கட்டண அட்டை வைத்திருந்தால் எந்த ஸ்டேஷனில் நுழைந்தீர்கள், எங்கே வெளியேறினீர்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும். பெட்டி எண் பிளாட்பாரத் தரையிலோ தடுப்புக் கதவிலோ எழுதியிருக்கும். நீங்கள் இறங்கிய கதவுக்கு நேரே என்ன இருந்தது, படிக்கட்டா, எஸ்கலேட்டரா என்று சொன்னாலே ஊழியர் பெட்டியைக் கணித்துவிடுவார். ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் வழியில் உள்ள ஸ்டேஷனுக்கோ கடைசி ஸ்டேஷனுக்கோ சொல்லிப் பார்க்கச் சொல்வார்.

அன்றே கிடைக்காவிட்டால் பொருள் ஒரு பயணம் புறப்படும். முதலில் அது கிடைத்த ஸ்டேஷனில் இருக்கும். பிறகு அந்த ரயில் நிறுவனம் பொருட்களைச் சேர்த்து வைக்கும் பெரிய ஸ்டேஷனுக்குப் போகும். சில நாட்கள் கழித்துப் பெரும்பாலானவை போலீஸிடம் போய்விடும். டோக்கியோ மெட்ரோவில் தொலைந்தவை ஈடபாஷி ஸ்டேஷனில் உள்ள அவர்களுடைய மையத்துக்கு வரும். டோக்கியோ போலீஸின் தொலைந்த பொருள் மையமும் அதே ஈடபாஷியில்தான் இருக்கிறது. நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் நிஷி கசாயிலிருந்து தோசாய் தடத்தில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம்.

இந்தப் பயணத்தின் எந்தக் கட்டத்தில் உங்கள் பொருள் இருக்கிறது என்று தெரியாததால்தான் பலர் தவறான கதவைத் தட்டிவிட்டு “கிடைக்கவில்லை” என்று திரும்புகிறார்கள். முதல் நாளே போலீஸ் மையத்துக்கு ஓடினால் அங்கே எதுவும் வந்திருக்காது. பத்து நாள் கழித்து ஸ்டேஷனில் கேட்டால் “அனுப்பிவிட்டோம்” என்பார்கள். ஆகவே இரண்டு பக்கமும் சொல்லி வையுங்கள். ரயில்காரர்களிடம் சொன்னது போலீஸுக்குத் தானாகப் போய்ச் சேராது.

இன்னொன்று. சாப்பாட்டுப் பொருளை யாரும் வைத்துக் காப்பாற்ற மாட்டார்கள். இட்லி டப்பாவோடு பையை விட்டிருந்தால் இட்லியை மறந்துவிடுங்கள். டப்பாவைக் கேட்டுப் பார்க்கலாம்.

கோபான் என்கிற சின்ன ஸ்டேஷன்

போலீஸ் என்றதும் பெரிய கட்டடத்தைத் தேட வேண்டாம். கோபான் என்பது தெருமுனையில், ரயில் நிலைய வாசலில் இருக்கும் சிறிய காவல் சாவடி. டோக்கியோவில் 1874-லேயே தொடங்கிய ஏற்பாடு இது. இன்று நாடு முழுக்க ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், கோபான் என்று ஆங்கில எழுத்திலும் எழுதியிருக்கும். டோக்கியோவில் என்றால் வெளியே ஒரு பலகையில் நேற்று நகரில் சாலை விபத்தில் இறந்தவர்கள் எத்தனை, காயம்பட்டவர்கள் எத்தனை என்று எண்களை எழுதி வைத்திருப்பார்கள். முதல்முறை பார்க்கிறவர்கள் அதைப் பார்த்து மிரள்வது உண்டு. உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உள்ளே போங்கள்.

எந்தக் கோபானுக்கு வேண்டுமானாலும் போகலாம். தொலைந்த இடத்துக்குப் பக்கத்துக் கோபான்தான் என்ற கட்டாயம் இல்லை. “இது எங்கள் எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்புவார்களோ என்ற நம் ஊர்ப் பயம் இங்கே தேவையில்லை. ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் போலீஸ் அமைப்பு தனித்தனி. டோக்கியோவிலிருந்து கியோத்தோ போகும் வழியில் எங்கோ தொலைந்தது என்றால் முழு வழியையும் சொல்லுங்கள்.

சில நேரம் கோபானில் ஆளே இருக்காது. ரோந்து போயிருக்கிறோம் என்று பலகை இருக்கும், மேசைமேல் ஒரு தொலைபேசி இருக்கும். அதை எடுத்தால் அந்தப் பகுதியின் பெரிய ஸ்டேஷனில் பேசுவார்கள். கூச்சப்படாமல் எடுங்கள், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

110 என்ற எண்ணைத் தொலைந்த பொருளுக்காக அழைக்க வேண்டாம். அது அவசரத்துக்கு. கண்ணெதிரே பறித்துக்கொண்டு ஓடினால் 110. ஆலோசனை மட்டும் கேட்க வேண்டுமென்றால் ஹேஷ் குறி போட்டு 9110. மொழி தடையாக இருந்தால் ஜப்பான் சுற்றுலாத் துறையின் உதவி எண் 050-3816-2787. ஆங்கிலத்தில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

உள்ளே என்ன நடக்கும்

உட்காரச் சொல்வார்கள். ஆங்கிலம் தெரியாத காவலர் என்றால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வார், அல்லது மொழிபெயர்க்கும் கருவியை எடுத்து வைப்பார். தமிழ் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எளிய ஆங்கிலமும் போனில் உள்ள படங்களும் போதும். அப்புறம் ஒரு படிவம் வரும். இஷிட்சு தொதொகே என்பார்கள், தொலைந்த பொருள் பற்றிய புகார். பெயர், முகவரி, தொடர்பு எண், தொலைந்த நாள், நேரம், இடம், பொருளின் விவரம். சுற்றுலா வந்தவர்கள் முகவரிக்கு ஓட்டலின் பெயரைக் கொடுக்கலாம். எத்தனை நாள் அங்கே இருப்பீர்கள், அடுத்த ஓட்டல் எது என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஜப்பானியர்கள் முத்திரை குத்தும் இடத்தில் நமக்குக் கையெழுத்து போதும். சில நேரம் ஆள்காட்டி விரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். குற்றவாளி ஆக்கிவிட்டார்களோ என்று பதற வேண்டாம், அது முத்திரைக்குப் பதில்.

இந்த வேலைக்குக் கட்டணம் கிடையாது. வேறு எதுவும் கொடுக்கவும் வேண்டாம். நன்றிக்கு என்று ஸ்வீட் பாக்ஸ் நீட்டினால்கூட வாங்க மாட்டார்கள், தர்மசங்கடம்தான் மிஞ்சும்.

இனி கேள்விகள். இங்கேதான் நம்மவர்கள் பொறுமை இழக்கிறார்கள். பர்ஸ் என்ன நிறம், என்ன தோல், மடிப்பதா ஜிப் வைத்ததா, எந்த நிறுவனம், எவ்வளவு பணம், அதில் ஆயிரம் யென் நோட்டு எத்தனை, சில்லறை உண்டா, என்னென்ன கார்டு, எந்த வங்கி, யாருடைய புகைப்படமாவது இருந்ததா... கேட்டுக்கொண்டே போவார்கள். நம்மைச் சந்தேகப்பட்டுக் கேட்பதாகத் தோன்றும். அப்படியில்லை. கறுப்புத் தோல் பர்ஸ் என்று மட்டும் எழுதினால் அன்றைக்கு வந்து சேர்ந்த அத்தனை கறுப்புத் தோல் பர்ஸும் அந்த வரிக்குப் பொருந்தும்.

நண்பர் ஒருவரின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ரயிலில் கைப்பையை விட்டுவிட்டார். கோபானுக்குத் துணையாகப் போயிருந்தேன். “பழுப்பு நிறக் கைப்பை” என்று சொல்லிவிட்டு அம்மா கைகட்டி உட்கார்ந்துவிட்டார். இளம் காவலர் விடவில்லை. உள்ளே என்ன என்றார். மூக்குக் கண்ணாடி, மாத்திரை அட்டை, கைக்குட்டை. வேறு? கொஞ்சம் தயங்கி, “விபூதிப் பொட்டலம்” என்றார் அம்மா. எனக்குத் தொண்டை அடைத்தது. முன்பின் தெரியாத நாட்டில் போலீஸிடம் வெள்ளைப் பொடி என்று எப்படிச் சொல்வது? சாமி கும்பிட்டு நெற்றியில் இட்டுக்கொள்ளும் சாம்பல், ஊதுவத்திச் சாம்பல் மாதிரி என்று விளக்கினேன். காவலர் நெற்றியைத் தொட்டுக் காட்டி “இங்கேயா?” என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். அவர் அதைப் பொறுமையாக எழுதிக்கொண்டார். காகிதத்தில் மடித்ததா, பிளாஸ்டிக்கிலா என்று அதையும் கேட்டு எழுதினார். பை பிறகு கிடைத்தது. வாங்கப் போனபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முதலில் சரிபார்த்தது அந்தப் பொட்டலத்தைத்தான். பழுப்புக் கைப்பைகள் அங்கே எத்தனையோ. விபூதி வைத்த பை ஒன்றுதான்.

ஆகவே உங்கள் பொருளில் வேறு யாரிடமும் இருக்க வாய்ப்பில்லாதது எது என்று போகும் வழியிலேயே யோசித்து வையுங்கள். சரவணா ஸ்டோர்ஸ் ரசீது, கிழிந்த ஜிப், தமிழில் எழுதிய துண்டுச்சீட்டு, சாவிக்கொத்தில் தொங்கும் முருகன் வேல் என்று எதுவாகவும் இருக்கலாம். தமிழ் எழுத்து இருந்தால் அதைக் காகிதத்தில் எழுதியே காட்டுங்கள். போன் தொலைந்தால் அதன் ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண், உதவும். வாங்கிய பெட்டியில் இருக்கும், கையில் போன் இருக்கும்போதே ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தியும் குறித்து வைக்கலாம். முகப்புத் திரையில் என்ன படம் வைத்திருந்தீர்கள் என்றும் கேட்பார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பணம் எவ்வளவு என்று நினைவில்லை என்றால் “இருபதிலிருந்து முப்பதாயிரத்துக்குள்” என்றால் போதும். ஊகித்து ஒரு துல்லியமான எண்ணைச் சொல்லி, பிறகு பர்ஸில் வேறு தொகை இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

தொலைந்ததா, திருட்டுப் போனதா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலோடு போங்கள். தொலைந்ததற்கு ஒரு புகார், திருட்டுக்கு வேறொரு புகார். திருட்டுப் புகாருக்கு ஹிகாய் தொதொகே என்று பெயர். திருட்டு என்று சொன்னால் அது குற்ற விசாரணை ஆகிவிடும். பெரிய ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவார்கள். நடந்ததை ஆதியோடந்தமாக எழுதுவார்கள், இடத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுப்பார்கள். மணிக்கணக்கில் ஆகும். உண்மையிலேயே பையை அறுத்தார்கள், ஓட்டல் அறையில் புகுந்தார்கள் என்றால் அந்த நேரத்தைச் செலவழித்தே ஆக வேண்டும். அறுந்த பையைத் தைக்காமல், துடைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள்.

எங்கே போனதென்றே தெரியாத நிலையில் “யாரோ எடுத்திருப்பார்கள்” என்ற எண்ணத்தில் திருட்டு என்று அடித்துச் சொல்லாதீர்கள். பயணக் காப்பீடு தொலைந்ததற்குப் பணம் தராது, திருட்டுக்குத்தான் தரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நடக்காத குற்றத்தை நடந்ததாகப் போலீஸிடம் சொல்வது இங்கே தண்டனைக்குரியது. ரயில் நிலையம், கடை என்று எங்கும் கேமரா இருக்கிறது. நீங்களே பையை பெஞ்சில் வைத்துவிட்டு நடந்து போவது அதில் தெரிந்தால் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்

எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு சின்னத் தாளில் புகார் ஏற்பு எண்ணை எழுதித் தருவார்கள். ஜுரி பாங்கோ என்பார்கள். நம் ஊரில் சி.எஸ்.ஆர். எண் எப்படியோ இங்கே இது அப்படி. புகாரின் நகலைக் கேட்டால் பொதுவாகத் தர மாட்டார்கள். நம்மவர்கள் முத்திரை குத்திய நகலுக்காக மல்லுக்கு நிற்பது வீண் வேலை. எண், பதிந்த கோபானின் பெயர், அது எந்தப் பெரிய ஸ்டேஷனின் கீழ் வருகிறது, தேதி ஆகிய நான்கும் இருந்தால் போதும். எழுதித் தந்த தாளைப் போனில் படம் பிடித்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டுக்காகவோ காப்பீட்டுக்காகவோ எழுத்துவடிவச் சான்று வேண்டும் என்றால் அதை அப்போதே சொல்லுங்கள். புகார் கொடுத்ததற்கான சான்றிதழ் என்று தனியாக ஒன்று உண்டு. அதைக் கோபானில் தருவதில்லை, பெரிய ஸ்டேஷனுக்குப் போகச் சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் வார நாளில், அலுவலக நேரத்தில். எதற்காக, யாரிடம் கொடுக்க என்று கேட்பார்கள். “தூதரகத்துக்கு” என்று சொன்னால் போதும், காரணம் புரிந்துவிடும்.

பாஸ்போர்ட் போய்விட்டால்

குறுகிய காலம் வந்திருக்கும் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானின் சட்டம். ஓட்டல் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டுச் சுற்றலாம் என்ற யோசனை இங்கே செல்லாது. அதனாலேயே தொலையும் வாய்ப்பும் கூடுதல். முன்னேற்பாடாகப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, விமான நிலையத்தில் ஒட்டிய நுழைவு அனுமதிச் சீட்டு ஆகியவற்றைப் படம் பிடித்து மின்னஞ்சலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சொன்ன அந்தச் சீட்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எத்தனை நாள் தங்க அனுமதி என்பது அதில்தான் இருக்கிறது.

தொலைந்துவிட்டால் முதலில் போலீஸ், பிறகு தூதரகம். இந்த வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் தூதரகத்தில் முதலில் கேட்பதே போலீஸ் புகாரின் விவரத்தைத்தான். இந்தியத் தூதரகம் டோக்கியோவில் குடான் மினாமியில் இருக்கிறது, ஒசாகாவில் துணைத் தூதரகம். இலங்கைத் தூதரகம் டோக்கியோவில் தகானவா பகுதியில். நேரே போய் நிற்காமல், என்னென்ன ஆவணம், எந்த அளவுப் புகைப்படம் என்பதை முதலில் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். ஜப்பானில் புகைப்படம் எடுக்கும் தானியங்கிப் பெட்டிகள் ரயில் நிலையப் பக்கங்களில் நிறைய உண்டு.

இந்தியர்களுக்கு இரண்டு வழி உண்டு. புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கலாம். அல்லது ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் வாங்கலாம். சுற்றுலா வந்தவர்களுக்கு, விமானம் ஒருசில நாளில் என்றால் இரண்டாவதுதான் வழி. அதை வைத்துக்கொண்டு நடுவில் சிங்கப்பூரில் இறங்கிச் சுற்றிவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட வேண்டாம், அது இந்தியா போய்ச் சேர மட்டும். வேறொரு நாட்டின் வழியாக டிக்கெட் என்றால் விமான நிறுவனத்திடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தூதரகத்தில் தொலைந்ததாகப் பதிந்து பழைய பாஸ்போர்ட் ரத்தாகிவிட்டால், மறுநாளே அது கிடைத்தாலும் அதில் பயணம் செய்ய முடியாது. எனவே கையில் நாலைந்து நாள் இருந்தால், விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன் ரயில் நிறுவனத்தையும் போலீஸையும் இன்னொரு முறை கேட்டுவிடுங்கள். நாளை மறுநாள் விமானம் என்றால் அந்த ஆசையை விட்டுவிட்டு நேரே தூதரகத்துக்குப் போங்கள். சனி, ஞாயிறு தூதரகம் மூடியிருக்கும். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்துத் தொடர் விடுமுறையிலும் புத்தாண்டு நாட்களிலும் போலீஸ் அலுவலகப் பிரிவுகளும் இயங்காது. அந்த நாட்களில் வருகிறவர்கள் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

இங்கே வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள் ரெசிடென்ஸ் கார்டை, அதாவது இங்கே தங்குவதற்கான அடையாள அட்டையை, தொலைத்தால், தெரியவந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் புதிய கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் போலீஸ் புகாரின் சான்று கேட்பார்கள். கிடைத்தாலும் கிடைக்கும் என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிற விஷயமில்லை இது.

ரயில் அட்டைகளைப் பொறுத்தவரை, உங்கள் பெயர் பதிந்த சுயிக்கா, பாஸ்மோ என்றால் ஸ்டேஷனில் சொல்லி முடக்கிவிட்டு மறு அட்டை வாங்கலாம், மீதிப் பணம் தப்பும். பெயர் பதியாத அட்டையும் சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுயிக்காவும் போனால் போனதுதான். ஜப்பான் ரயில் பாஸும் அப்படியே, மறுபடி தர மாட்டார்கள்.

கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தால்

போன் வரும், அல்லது தபாலில் ஓர் அட்டை வரும். நீங்களாகவும் தேடலாம். ஒவ்வொரு மாகாணப் போலீஸும் வந்து சேர்ந்த பொருட்களின் பட்டியலை இணையத்தில் போடுகிறது. தேதி, இடம், பொருள் வகை கொடுத்துப் பார்க்கலாம். ஜப்பானிய மொழியில்தான் பெரும்பாலும் இருக்கும், உலாவியின் மொழிபெயர்ப்பு போதுமானது.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். புகார் கொடுத்த கோபானில் பொருள் இருக்காது. அடையாள ஆவணமும் ஏற்பு எண்ணும் எடுத்துப் போங்கள். பாஸ்போர்ட்டே தொலைந்த பொருளாக இருந்தால் வேறு என்ன காட்டலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பொருளைத் தரும் ஜன்னல் வார நாட்களில் பகலில் மட்டும் திறந்திருக்கும்.

போலீஸ் பொருளை 3 மாதம் வைத்திருக்கும். முன்பு 6 மாதமாக இருந்தது, 2007 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பாதியாகக் குறைத்தது. குடை, துணிமணி, சைக்கிள் போன்றவற்றை 2 வாரத்துக்குப் பிறகு விற்றுவிடவும் அப்புறப்படுத்தவும் அனுமதி உண்டு. ஆசையாக வாங்கிய ஸ்வெட்டர் என்றால் சுறுசுறுப்பாக இருங்கள்.

கண்டெடுத்துக் கொடுத்தவருக்கு வெகுமதி கேட்கும் உரிமை உண்டு. பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை என்று சட்டமே சொல்கிறது. 50,000 யென் பணம் கிடைத்தால் 2,500-லிருந்து 10,000 யென் வரை. ரயிலிலோ கடையிலோ கிடைத்தது என்றால் அதில் பாதி கண்டெடுத்தவருக்கு, பாதி அந்த நிறுவனத்துக்கு. பலர் ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். தொடர்பு எண்ணைத் தரச் சம்மதித்திருந்தால் போலீஸ் அதை உங்களிடம் கொடுப்பார்கள். ஒரு போன் செய்து நன்றி சொல்வது இங்குள்ள வழக்கம். ஜப்பானிய மொழி வராது என்றால் அலுவலக நண்பரைப் பேசச் சொல்லுங்கள், அதுவும் அன்றைக்கே.

அதற்குள் ஊர் திரும்பிவிட்டீர்கள் என்றால் கதை கொஞ்சம் சிக்கல். உள்நாட்டு முகவரிக்குப் பெறுபவர் செலவில் தபாலில் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் கடல் கடந்து அனுப்புவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். இங்கே இருக்கும் உறவினரோ நண்பரோ உங்கள் சார்பில் வாங்கலாம். அதற்கு நீங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், உங்கள் பாஸ்போர்ட் நகல், போகிறவரின் அடையாள அட்டை, ஏற்பு எண் ஆகியவை வேண்டும். கடிதத்தில் போகிறவரின் பெயரை அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். முன்னெழுத்தை ஒரு இடத்தில் போட்டு இன்னொரு இடத்தில் விட்டால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இருவரும் வேறு வேறு ஆள். நம் பெயர்களுக்கு இங்கே எப்போதும் இருக்கும் தொல்லைதான்.

நீங்கள் எதையாவது கண்டெடுத்தால்

தெருவில் கிடக்கும் பர்ஸை எடுத்தால் அப்படியே பக்கத்துக் கோபானில் கொடுத்துவிடுங்கள், ரயிலிலோ கடையிலோ என்றால் ஊழியரிடம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அடுத்தவர் தொலைத்ததை வைத்துக்கொள்வது இங்கே ஓராண்டு வரை சிறைக்கோ 1,00,000 யென் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். புதிதாக வரும் மாணவர்கள் மாட்டிக்கொள்வது பர்ஸில் அல்ல, சைக்கிளில். தெருவோரம் துருப்பிடித்து நிற்பதை யாரும் வேண்டாம் என்று விட்டது என எண்ணி ஓட்டிப் போவார்கள். வழியில் காவலர் நிறுத்திப் பதிவு எண்ணைச் சரிபார்ப்பார், அது வேறு யார் பெயரிலோ இருக்கும். நண்பர் கொடுத்த பழைய சைக்கிள் என்றாலும் பெயர் மாற்றிய பிறகே ஏறுங்கள்.